எவரெஸ்டை மறைத்த சோட்கட்

லண்டன் மாநகரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும் அத்தனை அறிவித்தல்களையும் ஒரு மனிதர் தன் ஆயுளுக்குள் மீறி முடிக்க முடியுமா என்று கேட்டால், முடியும். மீறி முடித்தவர் ரெய்னர்ஸ் லேனில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். அவர் மீது எனக்கு இன்றும் கோபம். இதை எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. வயதினால் என்கிறாள் மனைவி. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவருடைய பெயர் கடவுச்சீட்டில் இருக்கிறது. ஊருக்கு அவர் சோட்கட், அதாவது குறுக்குவழி. மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டிய காலத்தில் விழுந்த பெயர். நேரான பாதை ஒன்று இருந்தால் அதில் போவதை அவமானமாக நினைப்பார். அம்புலன்ஸ் மட்டும் போகலாம் என்ற வழியில் போய்விட்டு, 'உள்ளுக்கு இருக்கிறவருக்குச் சீனி வருத்தம்தானே' என்று நியாயம் சொல்வார். கோயிலுக்குச் சமையற்கூடத்துக் கதவால் நுழைவார். அம்மனைப் பார்க்கும் முன்பே அவர் இலையில் பொங்கல் விழுந்துவிடும். விமான நிலையத்தில் விமானிகள் போகும் வரிசையில் நிற்பார். யாராவது தடுத்தால், "மை சன் பைலட்" என்பார். அவருக்கு மகனே கிடையாது. ஒரே மகள். அவள் பல் வைத்தியர்.

ஒருமுறை எங்கள் முதியோர் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் தகனத்துக்கு வான் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். முன்வாசலில் வாகன வரிசை. இவர் வெளியேறும் வாசலால் உள்ளே புகுந்து, பக்கத்து மண்டபத்தில் எல்லோரையும் இறக்கி உட்கார்த்திவிட்டார். பிரார்த்தனை முழுவதும் எங்கள் பெண்கள் அடக்க முடியாமல் அழுதார்கள். பெட்டிக்குள் இருந்தது யாரோ ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. அவருடைய மகன் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து, அம்மாவுக்கு இத்தனை நண்பர்கள் இருந்தது தனக்குத் தெரியாது என்று கண் கலங்கினான். "பாத்தியளே அண்ணை, ஆருக்கும் நட்டமில்லை" என்றார் சோட்கட்.

நான் வேறு ரக மனிதன். காப்புறுதி நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனிதர்கள் எங்கெங்கிருந்து எப்படியெல்லாம் விழுவார்கள் என்பதை வாசித்தே தலை நரைத்தவன். படிப்புக்காக இந்த நாட்டுக்கு வந்தது ஊரில் சண்டை தொடங்குவதற்கு வெகு காலம் முன்பு. எதற்கும் ஒரு முறை உண்டு, முறைக்கு ஒரு காரணம் உண்டு என்று நம்புகிறவன். அதனால்தான் எங்கள் முதியோர் சங்கம் என்னைச் செயலாளராக்கியது. அதே சங்கம் சோட்கட்டைச் சுற்றுலாப் பொறுப்பாளராக்கியது. அந்தக் கூட்டத்துக்கு நான் காய்ச்சலில் போகவில்லை. போயிருந்தால் தடுத்திருப்பேன்.

வழக்கமாக நாங்கள் கோடையில் போர்ன்மத் கடற்கரைக்குப் போவோம். அங்கே யாரும் கடலில் இறங்குவதில்லை. பஸ்ஸுக்குள் இருந்து புளிச்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். விபத்துக்கு இடமில்லாத, உன்னதமான சுற்றுலா. அந்த வருடம் அவர் என் வீட்டுக்கு வந்தார். மணி அடிக்கவில்லை. பின்பக்கத் தோட்டத்தால் வந்தார்.

"அண்ணை, இந்த முறை போர்ன்மத் இல்லை. எவரெஸ்ட்."

"என்ன விசர்க்கதை ஐசே? எங்கடை ஆக்களுக்கு மாடிப்படி ஏறவே ஏலாது."

"ஆர் ஏறச் சொன்னது? ஹெலியிலை போறம். மற்றச் சனம் கிழமைக்கணக்கா மூச்சு வாங்கி நடக்குது. நாங்கள் காலமைத் தேத்தண்ணியோடை போட்டு மத்தியானச் சோத்துக்கு வந்திடலாம்."

உலகத்தின் மிக உயர்ந்த மலைக்கும் இந்த மனிதர் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டார். ஹெலிகொப்டர் நிறுவனத்துக்கு உரிமம் உண்டா, காப்புறுதி எந்த உயரம்வரை செல்லும், ஒருவருக்கு மூச்சு முட்டினால் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

"காத்மண்டுவிலை ஒரு பெடியன் இருக்கிறான் அண்ணை. தங்கமான பெடியன். வட்ஸ்அப்பிலை ஒவ்வொரு மெசேஜுக்கும் கும்பிடுறான்."

அவ்வளவுதான் அவருடைய விசாரணை. நான் கதவைக் காட்டினேன். அவர் போகவில்லை. கதிரையில் இருந்து, தரையைப் பார்த்தபடி, "இது பூமணிக்காக அண்ணை" என்றார்.

பூமணி அவருடைய மனைவி. அவருக்கு நேர்ந்தது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். மகள் கிழக்கு லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே குடியிருக்கிறாள். குழந்தை பிறந்த கையோடு பூமணி பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக்கறி காய்ச்சி எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். விபத்தில் சிக்கிய யாரையோ ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் இறங்க ஒரு ஹெலிகொப்டர் வந்தது. பூமணி நடைபாதையில் குப்புற விழுந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கறி தெருவோடு போயிற்று. சுற்றி நின்றவர்கள் மாரடைப்பு என்று நினைத்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது, அதே ஹெலிகொப்டர் இறங்கிய அதே ஆஸ்பத்திரிக்குள்.

அதன் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. மகளுக்குப் பிரசவ விடுமுறை முடியப்போகிறது. அம்மா வந்து பார்ப்பதானால் பிள்ளை வீட்டில், இல்லாவிட்டால் நேர்சரி என்ற பிள்ளைக் காப்பகத்தில். பேரப்பிள்ளையைப் பூமணி போனின் கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஒரு முறை இருக்கு" என்றேன். "ஜீ.பி. டொக்டரிட்டைப் போய், கவுன்சிலிங்குக்கு எழுதுவிச்சு..."

"போனவ அண்ணை. ஒரு வெள்ளைப் பிள்ளை, வடிவா, அன்பா, கண்ணை மூடிக்கொண்டு கடற்கரையை நினையுங்கோ எண்டவ. இவ கண்ணை மூடின உடனை எங்கடை ஊர்க் கடற்கரை வந்திட்டுது. சண்டைக் காலத்திலை ஹெலி சுட்டது அங்கைதான்."

"அதுக்கு ஹெலியிலையே ஏத்திறதோ? அப்பிடியெண்டா இஞ்சை லண்டனிலையே ஒண்டிலை ஏத்திச் சுத்திக் காட்டும். ஏன் எவரெஸ்ட்?"

"இஞ்சை ஏத்தினா கீழை வீடு தெரியும். வீட்டைக் கண்டா, உள்ளுக்கு இருக்கிற சனத்தைத்தான் இவ நினைப்பா. கீழை மனுசரே இல்லாத இடம் வேணும் அண்ணை."

இரட்டிப்புக் கோபத்தோடு சம்மதித்தேன். வாரக்கணக்காக உட்கார்ந்து ஹெலிகொப்டரையும் உயரத்தையும் ஏற்கிற காப்புறுதி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். வைத்தியச் சான்றுகள் வாங்கினேன். தடித்த கோப்பு ஒன்று சேர்ந்தது. "உந்தப் பேப்பரெல்லாம் ஹெலிக்கு எரிக்கவோ அண்ணை?" என்று கேட்டார் சோட்கட்.

காத்மண்டு விமான நிலையத்தின் ஒரு மூலையில் ஹெலிகொப்டர்கள் தும்பிகள் மாதிரி வரிசையாக நின்றன. எங்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி நிறை பார்த்தார்கள். உயரம் கூடக்கூட காற்று மெலிந்துபோகும், சுமையைக் குறைத்துத்தான் ஏற்றுவார்கள் என்றார் விமானி. அமைதியான நேபாளி. இதற்கிடையில் சோட்கட் கால்சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்தார். புது வாகனம் என்றால் சில்லுக்குக் கீழே வைத்து நசுக்கவேண்டுமாம்.

"ஐசே, இதுக்குச் சில்லே இல்லை! கட்டை மாதிரி ரெண்டு காலிலை நிக்குது. நேர மேலைதான் கிளம்பும். உம்மடை பழம் அப்பிடியே கிடக்கும்."

அவர் யோசித்தார். பிறகு பழத்தை நிலத்தில் வைத்து, ஹெலிகொப்டரின் சார்பில் தானே ஏறி மிதித்தார். ஊழியர் ஒருவர் ஓடிவந்து எங்களைத் திட்டினார். அவர் பக்கம்தான் நியாயம். சுழலும் இயந்திரத்துக்கருகில் எதுவும் கிடக்கக்கூடாது என்பது விதி.

அப்போதுதான் மலையிலிருந்து திரும்பிய இன்னொரு ஹெலிகொப்டர் எங்கள் தலைக்கு மேலாக வந்தது.

என்னைத் தவிர எங்கள் சங்கம் முழுவதும் நிலத்தில் கிடந்தது. பட்டுச்சேலை, கம்பளிக் குல்லாய், முழங்கால் சத்திர சிகிச்சை செய்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எல்லோரும் குப்புற. யாரும் கத்தவில்லை. முகத்தை நிலத்தில் பதித்து, வாயைத் திறந்து, காதைப் பொத்தி, பாடசாலைப் பயிற்சி மாதிரி ஒரே சீராகக் கிடந்தார்கள். கோப்பைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி நின்றேன். இருபக்கத்திலிருந்தும் காவலர்கள் ஓடிவந்தார்கள். கூட்டுப் பிரார்த்தனையா என்று விமானி என்னிடம் மரியாதையாகக் கேட்டார்.

தலைமையாசிரியைதான் முதலில் எழுந்தார். சேலையைத் தட்டி, "ஐயோ, எங்கடை கூத்தைப் பாருங்கோவன்" என்று சிரித்தார். ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். எழுந்த கையோடு, ஹோட்டலுக்கே போகிறோம், எவரெஸ்டைப் படத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மீது என்றுதான் தெரியவில்லை. சோட்கட் மீதா, அந்த நேபாளி மீதா, எத்தனையோ வருடங்களுக்கு முன் இவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தவர்கள் மீதா? கடைசியில் சோட்கட் மீதே வைத்துக்கொண்டேன். அவர்தான் கைக்கெட்டிய தூரத்தில் நின்றார்.

பூமணி இன்னும் எழவில்லை. சோட்கட் அவர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"இஞ்சேர், எழும்பு. வேண்டாமெண்டா வேண்டாம். போவம்."

பூமணி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் மண். "போறதோ? இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்திட்டு?" என்றார். "பிள்ளை நேர்சரியிலை அழுறதை நான் போனிலை பாக்கிறதோ? எங்கை, அந்தக் கதவைத் திறக்கச் சொல்லுங்கோ."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துபோய், விமானிக்குப் பக்கத்து ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் நான் ஏறினேன். சோட்கட் வரவில்லை. வாசலில் ஒரு காலை வைத்தபடி நின்றார். முகம் சாம்பலாகியிருந்தது.

"நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். "நான் இதிலை... வாகனத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

எங்களிடம் வாகனமே இல்லை.

அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. இவ்வளவு காலமும் மனைவியின் பயத்தைப் பற்றியே ஊரெல்லாம் கதைத்த மனிதர், தன்னுடையதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். மெலிந்த கை, பனிக்கட்டி மாதிரி. ஆசனப் பட்டியைப் பூட்டினேன். விசிறி சுழலத் தொடங்கியதும் கண்ணை இறுக மூடி, என் தோளில் தலையைப் புதைத்துவிட்டார். "அண்ணை, ஏதாவது கதையுங்கோ. எதையெண்டாலும்."

எனக்கு எதைக் கதைக்கத் தெரியும்? காப்புறுதிப் பத்திரத்தைத்தான் சொல்லத் தொடங்கினேன். நிறுவனம் பொறுப்பேற்காத சந்தர்ப்பங்கள். குதிரைப் பந்தயத்தில் பங்குகொள்ளும்போது ஏற்படும் காயம். போதையில் நீந்துதல். காட்டு விலங்குகளுக்குத் தெரிந்தே உணவூட்டுதல். ஆள் மெல்ல மெல்ல மூச்சு விடத் தொடங்கினார். ஒரு விதியை முழுதாகக் காது கொடுத்துக் கேட்டது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"போர், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம்..." என்றேன், பழக்கத்தில்.

ஒரு கண்ணைத் திறந்தார். "அதுக்கும் தரமாட்டினமோ?"

"அதுக்கு ஒரு நாளும் தரமாட்டினம் ஐசே. ஒரு கொம்பனியும்."

"குதிரைக்குப் போங்கோ" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இப்படித்தான் நான் உலகத்தின் மிக உயர்ந்த மலைகளைச் சுற்றிவந்தேன். யன்னல் முழுவதும் அவருடைய கம்பளித் தொப்பி. எவரெஸ்டுக்கு எதிரே ஒரு மேட்டில் இறக்கினார்கள். அந்த உயரத்தில் இயந்திரத்தை நிறுத்தமாட்டார்கள், சில நிமிடங்கள்தான். பூமணி இறங்கிப் போனார். என்னால் இறங்க முடியவில்லை. என் கையை விடமாட்டேன் என்றுவிட்டார் சோட்கட். வெளியே வானத்தை முட்டிக்கொண்டு எவரெஸ்ட் நின்றதாம். நான் காட்டு விலங்குகளில் நின்றேன்.

திரும்பி ஏறிய பூமணி மலையைப் பற்றிப் பேசவேயில்லை.

"அண்ணை, நாங்கள் பதியப் பறந்து வரேக்கை கீழை ஆக்கள் நடந்து போச்சினம். கண்டியளோ?"

கீழே மனிதரே இல்லாத இடம் என்று சோட்கட், வட்ஸ்அப்பில் கும்பிடுகிற அந்தப் பெடியனை நம்பிக் கண்டுபிடித்த இடத்தில், தடியூன்றி மலையேறுகிறவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். அதையும் அவர் விசாரிக்கவில்லை. நான் பயந்துபோய் பூமணியின் முகத்தைப் பார்த்தேன்.

"நிமிந்து பாத்தவை. ஓடேல்லை அண்ணை. கை காட்டினவை." கையை உயர்த்தி ஆட்டிக் காட்டினார். "நானும் காட்டினனான்."

பேரப்பிள்ளை நேர்சரிக்குப் போகவில்லை. வாரநாட்களில் பூமணியும் சோட்கட்டும் கிழக்கு லண்டனில் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஹெலிகொப்டர் வரும்போது பூமணி பிள்ளையை யன்னலுக்குத் தூக்கிப்போய், அதன் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டுகிறாராம். "நேபாளப் பைலட் இதைவிட வடிவா இறக்கினவர்" என்று விமர்சனம் வேறு.

அதே நேரத்தில் சோட்கட் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு எனக்குப் போன் எடுப்பார். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. பின்னால் அந்த இரைச்சல் கேட்கும்.

"அண்ணை, குதிரையைச் சொல்லுங்கோ."

செலவழித்துப் போன இடத்தில் எனக்கு ஒரு மலையைக்கூடக் காட்டாத மனிதர். சொல்கிறேன். இரைச்சல் ஓயும்வரை சொல்கிறேன். தோட்டத்துக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் இப்போது போன் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. வேறு யார் எடுத்தாலும் நான் ஒரு சுற்று அடிக்கவிட்டு ஆறுதலாகத்தான் பதில் சொல்வேன். அவர் எடுத்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.