பன்றியைச் சுட்டதாகச் சொல்லப்பட்டவர் எழுதுவது

லொங்குய்ய்,
மொன்றியல்.

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் இரவிச்சந்திரன் அண்ணைக்கு,

யோகேந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் மனைவி வசுமதியும் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

நமது முதியோர் சங்கச் செய்திமடலில் 'ஜெர்மனியில் காட்டுப்பன்றியை வீழ்த்திய நம்மவர்' என்று என் படத்தோடு வந்த செய்தியைத் திருத்தத்தான் இக்கடிதம். மெட்றோவில் முன்பின் தெரியாதவர்கூடத் தோளில் தட்டுகிறார். செய்தி தந்தவன் நானே. பொய் சொன்னவனும் நானே.

வசுமதியின் தம்பி றெக்ஸ் ஜெர்மனியில் இரண்டு வருடம் படித்து, சோதனை எழுதி, வேட்டை உரிமம் எடுத்தவன். நாங்கள் அவனைப் பார்க்கப் போயிருந்த நேரம், சோளத் தோட்டத்தைப் பன்றிகள் நாசமாக்குவதாக ஒரு விவசாயி அவனை அழைத்திருந்தார். அந்த ஊரில் அவனை நம்பி வந்த முதல் அழைப்பு. நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன்.

"அத்தான், துவக்கைத் தொடக்கூடாது. கதைக்கக்கூடாது. சாப்பாடு கொண்டரக்கூடாது, மணக்கும். குட்டியோட நிக்கிற தாயைச் சுடவே ஏலாது, சட்டம்."

"உதெல்லாம் எனக்குத் தெரியாதே?" என்றேன். உண்மையில் ஒன்றும் தெரியாது.

அன்றிரவு தோட்டத்தோரத்து வேட்டைப் பரணில் ஏறி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, எனக்குப் பசித்தது, ஒளித்துக் கொண்டுவந்த முறுக்குப் பையை அவிழ்த்தேன், குளிரில் கை விறைத்திருந்ததால் பை அப்படியே கீழே போனது, சற்று நேரத்தில் இருட்டுக்குள் கறுக் கறுக்கென்று சத்தம். வெப்பத்தைக் காட்டும் கருவியால் பார்த்த றெக்ஸ், "தாயும் ஏழு குட்டியும்," என்றான். குட்டிகள் தாயோடு ஒட்டி நின்றதால் சுடவும் முடியாது, இறங்கவும் முடியாது. முறுக்கு முடிந்ததும் சோளத்துக்குள் புகுந்தன, வயிறு நிறைந்ததும் திரும்பி வந்து எங்கள் ஏணியடியிலேயே படுத்துவிட்டன. எனக்கோ சிறுநீர் முட்டியது. விடியும்வரை கால்களைப் பின்னிக்கொண்டு இருந்தேன்.

காலையில் உழவு இயந்திரச் சத்தத்துக்குப் பன்றிகள் ஓடின. அதிலிருந்து இறங்கிய விவசாயி தோட்டத்தையும், வெறும் பையையும், என்னையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்னவாம்?"

"சுட வந்தனீங்களோ, சாப்பாடு குடுக்க வந்தனீங்களோ எண்டு கேக்கிறார்."

றெக்ஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிழை தன்னுடையது என்றே அவரிடம் சொன்னானாம். வசுமதி சொல்லித்தான் தெரியும். அந்த விவசாயி பிறகு அவனைக் கூப்பிடவே இல்லை. செய்திமடலைப் பார்த்துவிட்டு றெக்ஸ், 'வாழ்த்துகள் அத்தான்' என்று மட்டும் எழுதியிருந்தான். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. தயவுசெய்து திருத்தத்தைப் பெரிய எழுத்தில் போடவும்.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் சகல சுகமும் வேண்டும்,
யோகேந்திரன்

பி.கு.: கடிதத்தை மடிக்கையில் உங்கள் தொலைபேசி அழைப்பு வந்தது. சனிக்கிழமை நான் 'இரவில் பன்றி வேட்டை: விதிகளும் முறைகளும்' பற்றிப் பேசவேண்டும், பக்கத்து நகர் புரோசார்டிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள் என்றீர்கள். யோசிக்க முதல் வாய் 'ஓம்' என்றுவிட்டது. ஆகவே திருத்தத்தைச் சனிக்கிழமைக்குப் பிறகு போடவும். பேச்சு நன்றாகப் போனால் போடவே வேண்டாம்.