என் பேட்டரி கனம்தான், ஆசிரியர் அவர்களே

மின்சைக்கிள் சங்கச் செய்திமடலின் ஆசிரியர் திரு. நெவில் டிரெகென்ஸா அவர்களுக்கு,

டாம்சின் ஷீர்மர் பணிவுடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். தங்கள் கால்விரல் வீக்கம் இதற்குள் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் மனைவியார் கொண்டுவந்த தேங்காய்த்தூள் கேக் மிக நன்றாக இருந்தது. அன்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, தாங்கள் சொல்லிவிடவும்.

இந்த மாதச் செய்திமடலில், வீட்டில் செய்த பேட்டரிகளுக்கான போட்டியில் டெஸ் முதலிடம், நான் இரண்டாமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். டெஸ் என் சித்தப்பா. முதல் பரிசு ஒரு கோப்பை, கூடவே சங்கத்தின் மோட்டார் சைக்கிளை ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம் என்பது. பெடலும் மோட்டாரும் உள்ள அந்த நீலச் சைக்கிளைத்தான் சொல்கிறேன். சித்தப்பாவிடம் ஏற்கெனவே பின்னால் சாமான் ஏற்றும் யூட் வண்டி இருக்கிறது. என்னிடம் செருப்பு இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ரென்மார்க் சாலையில் ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. தினமும் சித்தப்பாவின் வண்டியில்தான் போக வேண்டும். அவரோ வேலியோரம் யார் நின்றாலும் வண்டியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, தன் பேட்டரியின் பெருமையை ஆரம்பித்துவிடுவார். "இன்னொரு நாள் லேட்டா வந்தா, அப்படியே திரும்பிப் போயிடு" என்று மேற்பார்வையாளர் ஹெல்கா சொல்லிவிட்டார். எனக்கு அந்தச் சைக்கிள் வேண்டும் என்பது ஆசை இல்லை, ஐயா. அது இல்லாவிட்டால் வேலை இல்லை.

போட்டி நடந்த விதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுமீன் நிறுக்கும் கொக்கித் தராசில் என் பேட்டரியை மாட்டினீர்கள். நான் குப்பைமேட்டிலிருந்து பொறுக்கிய பழைய மடிக்கணினி செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, தேறியதை மட்டும் சேர்த்துக் கட்டியது அது. ஐந்து கிலோ. அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். "ஏய், அது பேட்டரியா, படகுக்கு நங்கூரமா?" என்று சித்தப்பா கத்தினார், எல்லோரும் சிரித்தார்கள், கொக்கி நிமிர்ந்தது, பேட்டரி தங்கள் விரலில் இறங்கியது, தாங்கள் குதித்ததில் சாஸேஜ் சுடும் தட்டு சாய்ந்தது, வெங்காயம் முழுவதும் புல்லில் கொட்டியது, அதைத் தின்ற சித்தப்பாவின் நாய் பரிசளிப்பின்போது தங்கள் இன்னொரு காலில் வாந்தி எடுத்தது. இதற்கெல்லாம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் மதிப்பெண்ணுக்கும் வெங்காயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நம் சங்க விதிப்படி எடையைத்தான் நிறுக்கிறோம். எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதைச் செய்தவர் எழுதிக் கொடுத்தால் போதும். முன்பொரு தடவை ஹீட்டரை மாட்டி சார்ஜை வடித்துப் பார்க்கப்போய், ஃபியூஸ் எரிந்து, குளிர்பெட்டி நின்று, குலுக்கல் பரிசுக்கு வைத்திருந்த இறைச்சியெல்லாம் கெட்டுப்போனது. அன்றிலிருந்து 'பேச்சை நம்புவோம்' என்று முடிவு. நான் சோதித்துப் பார்த்துப் பதினான்கு ஆம்பியர்மணி என்று எழுதினேன். சித்தப்பா மலிவாக வரவழைத்த செல்களின் மேலுறையில் இருந்ததைக் கூட்டி ஐம்பத்தொன்பது என்று எழுதினார். அவருடையது மூன்று கிலோகூட இல்லை. ஐம்பத்தொன்பதை எடையால் வகுத்தீர்கள், கைதட்டினீர்கள். அதில் மீந்த ஒரு செல்லை அப்போதே எங்கள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நல்ல செல்லின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

போட்டிக்கு முன்பே வண்டியில் மெதுவாகச் சொன்னேன். "சித்தப்பா, அந்த செல்லு ரொம்ப லேசா இருக்கே?"

"அதாண்டி முன்னேத்தம்! டிவி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு? உன் மூளைதான் இன்னும் அதே கனத்துல இருக்கு."

தங்களிடமும் சொல்ல வந்தேன். பக்கத்தில் வந்து நின்றேன். தாங்கள், "என்னம்மா?" என்றீர்கள். "டீ ஊத்தட்டுமா?" என்றேன். தங்களுக்கு நினைவிருக்கும், அன்று நான்கு தடவை டீ ஊற்றினேன்.

போட்டிக்கு வந்த மூன்றாவது ஆளான திருமதி வூலாவுக்கு நடந்ததும் அநியாயம்தான். அவர் படிவத்தில், "சர்ச்சுக்குப் போய்வரப் போதும்" என்று எழுதினார். அது எண் இல்லை என்று பூஜ்யம் போட்டுவிட்டீர்கள். பொய்யாக எழுதினாலும் எண்ணாக எழுத வேண்டும் என்பதுதான் விதியா? ஆகவே மூன்று பேட்டரிகளையும் பழைய கார் விளக்கில் மாட்டி, அணையும்வரை எரியவிட்டு, உண்மையான கணக்கை அடுத்த இதழில் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் பெயரைக் கொஞ்சம் சின்ன எழுத்தில் போட்டால் போதும்.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் எல்லா நலமும் சேரட்டும். சங்கத்தார் அனைவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
டாம்சின் ஷீர்மர்

பின்குறிப்பு: தயவுசெய்து மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். இன்று காலை சித்தப்பா வந்து சைக்கிளை எங்கள் வாசலில் போட்டார். பாலத்தின் நடுவில் சைக்கிளில் மாட்டியிருந்த அவருடைய பேட்டரி செத்துப்போய், பின்னால் வந்த கேரவன்காரர்கள் எல்லோரும் ஹாரன் அடிக்க அடிக்கத் தள்ளிக்கொண்டே வந்தாராம். "இந்தச் சனியன நீயே வச்சுக்க. கோப்பை என் வீட்டுலதான் இருக்கும். சங்கத்துல மூச்சு விட்ட, தொலைச்சிடுவேன்" என்றார். என் பேட்டரியை மாட்டிப் பார்த்தேன், போகிறது. தாங்கள் மறுபடி சோதித்தால் சைக்கிள் எனக்கு வராது. கடிதத்தோடு ஆதாரம் அனுப்பலாம் என்று நேற்றே திருமதி வூலாவின் பேட்டரியை வாங்கி விளக்கில் மாட்டினேன். ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் கட்டியது, மூன்றே கிலோ, கிட்டத்தட்ட என்னுடையது எரிந்த அளவு நேரம் அதுவும் எரிந்தது. எடையால் வகுத்தால் முதலிடம் அவருக்குத்தான். இன்று சைக்கிள் வந்த பிறகு திருப்பிக் கொடுக்கப் போனபோது, "என்ன கண்ணு, தேறுமா என் டப்பா?" என்று கேட்டார்.

"சுமார்தாம்மா" என்றேன். அதற்கு மட்டும் எனக்கு உடனே வாய் வந்தது.