எரிகிற இலங்கைக்கு ஒரு வாளி தண்ணீர்

அன்றைக்கு எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், மனைவி சரோ, மகள் வினோ, அவளைக் கட்டவிருந்த கௌதமன், அவனுடைய அம்மா. இவர்களோடு நான் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்.

கௌதமன் கணினியில் வரைந்து படத்தை அசைய வைக்கிறவன். பழைய இதிகாசத்திலிருந்து இலங்கை எரிகிற கதையை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி படமாகச் செய்திருந்தான். அதைப் பார்த்து முடித்த கையோடு கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாகப் பேச்சு.

"படத்தில சாமி வரேக்கை சாம்பிராணி காட்டோணும். படம் முடிய அண்ணை ஒரு கருத்துச் சொல்லோணும்" என்றார் சம்பந்தியம்மா. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. (கேள்வி கேட்பார்கள் என்ற பயத்தில்தான் நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே.) கருத்துக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. சாம்பிராணித் தணலுக்குச் செய்யலாம் என்று குளியலறையிலிருந்து வாளியைத் தூக்கிவந்தேன்.

தொலைக்காட்சியில் படம் தொடங்கியது. பையன் பொன்மாளிகை எதையும் வரையவில்லை. அச்சொட்டாக எங்கள் ஃபிளாட்டுக்கு முன்னால் ஓடும் காலி வீதியேதான். அடுக்குமாடிகள், பல்கனிகளில் காயும் சீலைகள், கீழே நகைக்கடை. வாலில் நெருப்போடு ஒருவர் பல்கனிக்குப் பல்கனி பாய, சீலைகள் பற்றின.

"சனம் வெளியால போயிட்டுதோ?" என்று சரோவைக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, அது படம். பேசாமப் பாருங்கோ."

மொட்டைமாடியில் ஒரு பிள்ளைத்தாச்சி தனியாக நின்றாள். அதே நேரம் என் மூக்கில் உண்மையான புகை ஏறியது. (முதுகுக்குப் பின்னால் சம்பந்தியம்மா சாம்பிராணி போட்டது எனக்கு எப்படித் தெரியும்?) வாளியைத் தூக்கித் தண்ணீரைத் திரையை நோக்கி வீசினேன்.

தொலைக்காட்சி 'டப்' என்றது. கீழேயிருந்த மடிக்கணினியும் கண்ணை மூடியது. பையனின் இரண்டு வருட உழைப்பும் மகளின் கல்யாணமும் கதவிடுக்கால் வழிந்து படியிறங்கிக்கொண்டிருந்தன.

வினோ தலையில் கை வைத்தாள். கௌதமன் என்னிடம் வந்தான்.

"அங்கிள், உண்மையா எரியிற மாதிரியே இருந்ததோ?"

"அந்தப் பிள்ளைத்தாச்சி மாடியில நிண்டவ, தம்பி."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, கேட்டனீங்களோ? பயப்பிடாதேங்கோ அங்கிள், படத்துக்கு வேற கொப்பி வீட்டுக் கணினியில கிடக்கு."

சாம்பிராணித் தட்டோடு நின்ற சம்பந்தியம்மா சொன்னார்: "எத்தினை காலமா இந்தக் கதையைச் சொல்லுகினம், அண்ணை. அணைக்க வெளிக்கிட்ட முதல் ஆள் நீங்கள்தான்."

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை. அன்று மாலையே நாளும் குறித்தார்கள்.

கல்யாணம் கொட்டாஞ்சேனையில் நடந்தது. அந்த வீடியோவில் எங்கள் சொந்தக்காரர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது தாலி கட்டும் இடத்தை அல்ல. தாரை வார்க்க ஐயர் செம்பை என் கையில் தருகிற இடத்தை. வீடியோக்காரரைப் பார்த்து மாப்பிள்ளை மெதுவாகத்தான் சொல்கிறான். ஆனால் ஐயரின் மைக் பக்கத்தில் இருக்கிறது:

"அண்ணை, கமெராவைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ. மாமாட கையில தண்ணி."