கட்டினவர் வந்திருக்கிறார்

பினாங்கு சூலியா தெருவின் பொய்யர்களை எல்லாம் கூட்டி ஒரு சங்கம் அமைத்தால், டிரங்குப் பெட்டிக் கடை நானாதான் போட்டியில்லாமல் தலைவராவார் என்று நாங்கள் உறுதியாக நம்பியிருந்தோம். மற்றவர்கள் அளந்தது புலி, பேய், புதையல். நானா அளந்தது ஒரு கட்டடம். கடற்கரைத் திடலை ஒட்டித் தூணும் வளைவுமாக வெள்ளை வெளேரென்று ஒரு பழைய பொது மண்டபம் நிற்கிறது. பெயரை எழுதினால் பத்திரிகை ஆசிரியருக்குத் தலைவலி, வேண்டாம். அதைக் கட்டியது தாமே என்பார் நானா. மண்டபத்தின் வயதோ நானாவின் வயதைவிட அதிகம்.

அதனால் அவருக்குக் ‘கட்டின நானா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமே கிடையாது.

“நான் கட்டுனது ரெண்டு, தம்பி. ஒண்ணு மண்டபம், இன்னொண்ணு எம் பொஞ்சாதி, உங்க லாத்தா. மண்டபம் எதுத்துப் பேசாது.”

அவர் கடை மாடியில் கப்பல் கம்பெனி குமாஸ்தாக்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் கூட்டாளி எவராயினும், முகம் கழுவுவதற்கு முன்பே நானா அவரை மண்டபத்துக்கு இழுத்துப் போவார். ஞாயிற்றுக்கிழமையானால் நாங்களும் வேடிக்கை பார்க்கப் போவோம். மடக்கிய குடை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் சரித்திரம் பிறக்கும். கூடத்தில் தொங்கும் சரவிளக்கு துருக்கி சுல்தானுடையது. மாடிப்படியில் ஒரு யானை ஏறிப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் மனிதர்களை விட்டார்கள். நான் புத்தகம் படிக்கிறவன், சும்மா இருக்க முடியுமா? சுல்தான் இந்தப் பக்கமே வந்ததில்லையே என்றேன்.

“வந்திருந்தா விளக்கை எடுத்துட்டுப் போயிருக்க மாட்டாரா?” என்றார் நானா.

இப்படி இருக்கையில் மண்டபத்துக்குப் புது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வந்தார். வந்ததும் முதல் வேலையாக, நம்மவர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் இனிமேல் சமையல்கட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். நானா அன்றிலிருந்து எவரையும் அங்கே அழைத்துப் போகவில்லை. குடையும் மூலையில் சாய்ந்து கிடந்தது.

அந்தச் சமயம் பார்த்து நாகூரிலிருந்து அவருடைய பால்யக் கூட்டாளி வந்து சேர்ந்தார். சுமத்ராவிலுள்ள டெலிக்குப் போகிற வழி. கப்பல் பினாங்கில் அரை நாள்தான் நிற்கும். நானாவின் மண்டபக் கதையை நாகூர் தேத்தண்ணிக் கடைகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தவர் இவர்தான். பார்க்காமல் போனால் பொய் உறுதியாகிவிடும். பின்வாசல் வழியாகப் பார்த்தாலோ, கட்டினவன் என்று எவன் நம்புவான்? நானா குடையை எடுத்தார். நானும் டையைக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

முன்படியில் ஜாகா, அதாவது காவல்கார பஞ்சாபி, தடியால் பின்பக்கத்தைக் காட்டினார். அவர் முகத்தில் சங்கடம். நானாவிடம் பெட்டி வாங்கியவர். நானா கைக்குட்டையை உதறி முன்படியில் விரித்தார், உட்கார்ந்தார், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

நாகூர்க்காரர் துறைமுகத்தைப் பார்த்தார். “டேய், கப்பல் ஊதிருச்சுடா. பின்னாடியே போயிருவோம்.”

“நீ வேணா போ. பின்னாடி போறதுக்கா நான் கட்டுனேன்?”

சத்தம் கேட்டு அதிகாரியே வெளியில் வந்தார். என் டையைப் பார்த்து, இந்த ஆளுக்கு என்ன வேண்டுமாம் என்று இங்கிலீஷில் கேட்டார்.

“கட்டுனவன் வந்திருக்கான்னு தொரைகிட்டச் சொல்லு, தம்பி.”

குறுகிப்போய், இந்த மண்டபத்தை எழுப்பியவர் இவர்தானாம் என்று மொழிபெயர்த்தேன். துரை வாய்விட்டுச் சிரித்தார். எந்த வருஷம் கட்டினாராம் என்றார். அதையும் கேட்டேன். நானா என்னைப் பார்த்த பார்வை, பாவம் இந்தப் பையன் படித்துக் கெட்டான் என்பதுபோல இருந்தது.

“எந்த வருசமா? வருசா வருசம்தான். வீட்டு வரி கட்டுறேன்ல. அதுலதான இது நிக்குது.”

எனக்குக் காது சுட்டது. இங்கிலீஷில் அத்தனை புத்தகம் படித்தவனுக்குத் தாய்மொழியில் ஒரே ஒரு சொல் புரியாமல் இருந்திருக்கிறது.

“ஆபீசுல வரி கட்டப் போனா முன்வாசல்ல வாங்கிக்கிறாங்க. பாக்க வந்தா மட்டும் பின்வாசலா? கேளு.”

கேட்டேன். தேவைக்கு மேல் உரக்கவே கேட்டேன். நானா சொல்லாத இரண்டொரு வாக்கியங்களையும் சேர்த்தேன். இன்னும் உத்தியோகத்தில் இருப்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

திடலில் காற்று வாங்க வந்த கூட்டம் அதற்குள் சுற்றி நின்றுகொண்டது. ஒருவர் விஷயத்தை மலாயில் சொன்னார். இன்னொருவர் ஹொக்கியன் சீனத்தில் சொன்னார். சீனத் தவுக்கே, அதாவது முதலாளி ஒருவர், தானும் கட்டுகிறவன்தான் என்று நானாவின் பக்கத்தில் அமர்ந்தார். அவரையடுத்து ஒரு மலாய்க்காரர். கொஞ்ச நேரத்தில் படி தெரியவில்லை. துரையின் கார் எதிரே காத்திருந்தது. இறங்கிப் போக ஓர் அடி இடமில்லை. அவர் ஜாகாவின் காதில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே நடந்து, சமையல்கட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வெளியேறினார்.

ஜாகா முன்கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து சலாம் வைத்தார்.

மண்டபத்து மாடிக்குப் போனதும் நாகூர்க்காரர் மூச்சு வாங்கியபடி, “இம்புட்டும் நீயாடா?” என்றார்.

“சேச்சே, எல்லாரும் கட்டுனது. என் பங்கு இந்த ஜன்னல்.” கடலைப் பார்த்த ஒரு ஜன்னலைச் சட்டை நுனியால் துடைத்தார் நானா. பிறகு குடை என் பக்கம் திரும்பியது. “இவன் குடுக்குற வாடகையும் இதுல சேருதுலா. அந்தக் கதவுக் கைப்பிடி இவனோடது.”

நாகூர்க்காரர் கப்பலைப் பிடிக்க ஓடினார். பாதித் திடலில் நின்று, “கட்டுனவன்தாண்டா நீ!” என்று கத்திவிட்டு மறுபடி ஓடினார்.

நானா இப்போது இல்லை. நானும் தெரு மாறிவிட்டேன். தைப்பிங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வரும் என் கூட்டாளிகளை முகம் கழுவ விடாமல் மண்டபத்துக்கு இழுத்துப் போகிறேன். முன்வாசல் வழியாகத்தான். விளக்கு துருக்கி சுல்தானுடையது என்றுதான் சொல்கிறேன். அவர்கள் இறங்கிப் போன பிறகு நான் மட்டும் பின்தங்கி, அந்த ஜன்னலைச் சட்டை நுனியால் ஒரு தடவை துடைப்பேன். என் கைப்பிடிக்கு என்ன அவசரம், அது காத்திருக்கும்.