கர்னல் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்

கணினித் துறையில் என் பெயரை நிலைநாட்டியே தீருவது என்று அன்று காலை முடிவு செய்தேன். துறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு முன்னறைதான். என் மனைவி செர்வா அங்கே உட்கார்ந்துதான், இறந்தவர் படங்களும் அஞ்சலிகளும் போட்டு அடக்கத்தன்று கொடுக்கும் துக்கப் புத்தகங்கள் தயாரிக்கிறாள். எங்கள் குமாசி நகரில் புத்தகம் இல்லாமல் யாரும் புதைக்கப்படுவதில்லை. ஆகவே அவள் தொழிலுக்குச் சாவே கிடையாது.

நான் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவன். ஆனாலும் அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்த வகையில் எனக்கு அதன்மேல் ஒரு தகப்பன் உரிமை.

செர்வா புறப்படும்போதுதான் ஆரம்பித்தாள்.

"என்னங்க, லினக்ஸ்ல புதுப் பதிப்பு வந்திருக்காம்."

"தெரியும். போட்டுடறேன்."

"வேணாம் வேணாம். அச்சகத்துல ஒரு பொண்ணு இருக்கா, அவ வந்து போடட்டும். உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?"

"கஷ்டமா? எனக்கா?"

"வயசாகுதுல்ல."

வயசு! சொன்னவள் அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள்.

"அமோவாடெங் ஐயா மத்தியானம் வருவார். அவங்க அக்கா புத்தகத்தைக் கடைசியா ஒரு தரம் பாக்கணுமாம். நாளைக்கு அடக்கம். நான் அதுக்குள்ள வந்துடுவேன்."

அவள் ஏறிய ட்ரோட்ரோ வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

'முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும்' என்று திரை புத்தி சொன்னது. அது வயசானவர்களுக்கு. நான் 'தொடர்க' என்பதை அழுத்தினேன்.

எல்லாம் ஒழுங்காக இறங்கியது. ஒழுங்காக ஏறியது. 'மறுபடி தொடங்கவா?' என்று மரியாதையாகக் கேட்டது. தொடங்கு என்றேன். திரை கறுப்பானது. கறுப்பாகவே இருந்தது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக் என்று கண்ணடித்தது.

அணைத்துப் போட்டேன். கறுப்பு. பெட்டியைத் தட்டினேன். கறுப்பு. கெஞ்சினேன். கோடு கண்ணடித்தது.

அந்த இருட்டுக்குள்தான் அமோவாடெங் ஐயாவின் அக்கா இருந்தார். அவருடைய ஞானஸ்நானப் படம், கல்யாணப் படம், பேரப்பிள்ளைகள் எழுதிய அஞ்சலி எல்லாம் அதற்குள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. மத்தியானத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. ஆனால் கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை அடைத்து நின்றவர் அமோவாடெங் ஐயாதான். அந்தக் குடும்பத்துக்கே தலைவர். முன்னாள் ராணுவக்காரர்.

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு வந்த விஷயத்தைக் கேட்க வேண்டும். அதுதான் எங்கள் முறை. கேட்டால் சொல்லிவிடுவார். எனவே தண்ணீரே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"போதும் வாத்தியாரே."

"வெயில்ல வந்திருக்கீங்க ஐயா. இன்னொரு டம்ளர்."

இடையிடையே கணினியிடம் ஓடினேன். பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். லினக்ஸின் உயிர்நாடிக்குக் கர்னல் என்று பெயர். அதுவும் அசையவில்லை. செல்பேசியில் லினக்ஸ் தெரிந்த என் சகா ஒருவனைக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தேன்.

"கர்னல் எழுந்திருக்க மாட்டேங்கறார்டா! பழைய கர்னலும் போயிட்டார்!"

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. ஐயா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"எந்தக் கர்னல்? என்னிக்குப் போனார்?"

"ஐயா... அது... உங்களுக்குத் தெரியாதவர்."

"ராணுவத்துல எனக்குத் தெரியாத கர்னலா? ரெண்டு பேர் போயிருக்காங்க, ஒருத்தரும் சொல்லலையே! அடக்கம் என்னிக்கு?"

"இன்னும் முடிவாகல ஐயா. எழுப்பப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். அதன் பிறகு என்னை வேறு மாதிரி பார்த்தார். நான் இன்னொரு டம்ளர் கொடுத்தேன்.

சகா சொன்னபடி பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கணினியைக் கிளப்பினேன். திரையில் வெளிச்சம் வந்தது. அங்கிருந்து பின்வாசல் வழியாகத் திருடன் நுழைவதுபோல டிஸ்க்குக்குள் நுழைந்தேன். திரையை இயக்குகிற பழைய மென்பொருளுக்கும் புதுப் பதிப்புக்கும் ஆகவில்லை. மாமியார் மருமகள் சண்டைதான். பழையதைப் பிடுங்கி எறிந்தேன். பாதியில் நின்றதையெல்லாம் முடிக்கச் சொன்னேன். புதியதை ஏற்றினேன்.

பாதி ஏறியிருக்கும், விசிறி சுணங்கியது. விளக்கு மங்கியது. இப்போது மின்சாரம் போனால் நான் எந்த ஊருக்கு ஓடுவது என்று யோசித்தேன். பூகோளம் அப்போது எனக்குக் கை கொடுக்கவில்லை. விசிறி இரண்டு தரம் முனகிவிட்டு மறுபடி சுற்றியது.

பென் டிரைவை உருவிவிட்டு மறுபடி தொடங்கினேன். கறுப்பு. கோடு. பளிச்! வண்ணமாய்த் திரை வந்தது.

"கர்னல் எழுந்துட்டார்!" என்று கத்திவிட்டேன்.

ஐயா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

வெற்றி மிதப்பில் அக்காவின் கோப்புறையைத் திறக்கப் போனேன். கோப்புறை இல்லை. மேலே தேடினேன், கீழே தேடினேன். போன மாதம் செத்தவர்கள் எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள். இந்த அம்மாள் மட்டும் இல்லை.

அச்சகம் காத்திருக்கும். நாளைக்கு ஊரே திரண்டு வரும். கையில் புத்தகம் இருக்காது. செர்வாவின் பெயர் என்ன ஆவது? போய் ஐயா முன்னால் மண்டியிட்டேன்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. உங்க அக்காவை நான் அழிச்சிட்டேன்."

"அவ ஏற்கனவே செத்துத்தானே போயிருக்கா? நீ என்ன புதுசா அழிச்சே?"

வாசலில் டாக்சி நின்றது. செர்வா இறங்கினாள். டிரைவர் அட்டைப் பெட்டிகளைச் சுமந்து வந்து அடுக்கினான். மேல் பெட்டி திறந்திருந்தது. அட்டையில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். பளபளவென்று, புத்தகமாக.

செர்வா மண்டியிட்டிருந்த என்னைத் தாண்டிக் கணினியைப் பார்த்தாள்.

"அட, எழுந்துடுச்சே! கறுப்பாச்சே, அதுக்கு என்ன பண்ணீங்க?"

"பழைய திரை மென்பொருளைப் பிடுங்கிட்டுப் புதுசை... இரு, கறுப்பானது உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் ஆச்சே. போன வாரம் டிஸ்க்கை அப்படியே ஒரு பழைய டிஸ்க்குல நகல் எடுத்து, அதுலதான் புதுப் பதிப்பைப் போட்டுப் பாத்தேன். கறுத்துப் போச்சு. உக்காந்து சரி பண்ண எனக்கு நேரமில்ல. நகலை அப்பவே திரும்பப் பழைய மாதிரி ஆக்கி வெச்சேன், இன்னிக்குக் காலையில அதை மெஷின்ல மாட்டிட்டேன். நிஜ டிஸ்க் என்கூட அச்சகத்துக்கு வந்துடுச்சு. இந்த வாரம் பண்ணின வேலையெல்லாம் அதுலதான் இருக்கு."

"அப்போ அந்த அச்சகத்துப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே!"

"கேட்டா வாரக்கணக்கா விளக்கம் சொல்வீங்க. எதிர்ல ஒருத்தர் காத்துக்கிட்டு இருந்தா ஒரே காலையில முடிச்சுடுவீங்க. அதான் ஐயாவைச் சீக்கிரமாவே வந்து உக்காரச் சொன்னேன்."

ஐயாவைப் பார்த்தேன்.

"புத்தகத்தை நேத்தே பாத்துட்டேன் வாத்தியாரே. நல்லாத்தான் இருக்கு" என்றவர் அவசரமாக எழுந்தார். "கழிப்பறை எந்தப் பக்கம்?"

என் மானம் கடைசியாக ஒரு தரம் தலைதூக்கியது.

"சரி, நான் அந்த டிஸ்க்கையே ஒரேயடியா சாகடிச்சிருந்தா?"

செர்வா புத்தகங்களை எண்ணி அடுக்கியபடியே சொன்னாள்:

"புதுசா எதையும் செஞ்சு பாக்கறப்ப, போனாலும் தொழில் நிக்காத பொருளை வெச்சுத்தாங்க முதல்ல செஞ்சு பாக்கணும். நம்ம வீட்ல அப்படி ரெண்டு இருக்கு. ஒண்ணு அந்தப் பழைய டிஸ்க்."