நொண்டி அடித்துப் பார்த்த கால்

மலைச்சரிவில் தேயிலை பறிப்பவளுக்குக் கால்வலியே வராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அந்தத் திமிரை என் கால்தான் அடக்கியது.

குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட்டில் வருஷா வருஷம் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் நடக்கும். ஜெயிப்பவர் எப்போதும் என் வீட்டுக்காரரின் அக்காதான். (எங்கள் பக்கம் நங்கையா என்போம்.) அந்த வருஷம் அவரை ஜெயித்தே தீருவேன் என்று பைப்படியில் எல்லார் காதிலும் போட்டுவிட்டேன்.

புல்லில் ஓடிப் பழகியிருந்தால் தப்பித்திருப்பேன். பாக்டரி ரோட்டுக்கு அப்போதுதான் தார் போட்டிருந்தார்கள். அந்த இறக்கத்தில் வெறுங்காலோடு திங்குதிங்கென்று ஓடினேன். சில நாளிலேயே முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் ஓரம் நெடுக, அரத்தால் ராவுகிற மாதிரி வலி. எலும்பே விண்டுவிட்டது என்று பயந்து எஸ்டேட் கம்பவுண்டரிடம் போனேன். அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, பழக்கமில்லாமல் ஓடியதில் அதை ஒட்டிய சதை புண்பட்டிருக்கிறது, சும்மா விட்டால் ஆறிவிடும் என்றார். எப்போது ஓடலாம், எப்போது ஓடலாம் என்று நச்சரித்தேன்.

"கொஞ்ச நாள் கழிச்சு அந்தக் கால்ல நொண்டி அடிச்சுப் பாருங்க. வலிக்காட்டி ஓடலாமுங்க."

'கொஞ்ச நாள் கழிச்சு' என்றது என் காதில் ஏறவில்லை. மறுநாள் காலையிலேயே நொண்டி அடித்தேன். வலித்தது. சோறு பொங்கிவிட்டு அடித்தேன். குடம் நிறைவதற்குள் அடித்தேன். (லைன் வீட்டுப் பிள்ளைகள் தரையில் கட்டமே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.) புண் எங்கே ஆறும்? கடைசியில் நங்கையாதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்புள்ள, வெதையப் போட்டுட்டுத் தெனமும் தோண்டிப் பாத்தா அது மொளைக்குமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, உட்காருவதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது என்று காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். பாக்டரியில் தேயிலைக் காம்பு பொறுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் ஓடைத் தண்ணீரில் காலை விட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். (அந்தக் குளிருக்கு வலியே பயந்து ஓடும்.)

பந்தய நாளிலும் வலி கொஞ்சம் மிச்சமிருந்தது. ஓட மாட்டேன் என்று நங்கையாவிடம் சத்தியம் செய்துவிட்டுக் கோட்டோரம் உட்கார்ந்தேன். விசில் சத்தம் கேட்டதும் சத்தியம் மறந்துபோய் எழுந்துவிட்டேன். ஓட ஆரம்பித்திருந்த நங்கையா அதைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்து என் தோளை அமுக்கி, "உக்காரு புள்ள," என்றார். அவர் மறுபடி ஓடிப் போவதற்குள் பரிசுக் குடம் வேறொருத்தி இடுப்பில் ஏறிவிட்டது.

ஒரு மாசம் அவர் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் புல்தரைக்குக் கூட்டிப் போனார். முதலில் நடை, பிறகு மெல்ல ஓட்டம். அடுத்த வருஷம் ஓடினேன். அவர் முதல், நான் இரண்டாவது. கால் வலிக்கவே இல்லை. (நெஞ்சுதான் கொஞ்சம் வலித்தது.)

அதிலிருந்து நான் எதற்கு எழுந்தாலும் எங்கள் வீட்டில் நாலு மூலையிலிருந்தும் "உக்காரு புள்ள" என்று குரல் வரும். போன மாசம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தவர்களைக் கும்பிட எழுந்தேன். அதே வார்த்தையைக் கல்யாணப் பெண்ணே சொன்னாள். கைகழுவப் பாதி எழுந்திருந்த மாப்பிள்ளை பதறிப்போய் உட்கார்ந்தார்.