அந்தக் கவரில் போன போட்டோ

“மச்சான் எடுத்த போட்டோவப் பாத்துத்தான் நான் சரின்னே சொன்னேன்” என்று என் தங்கை கணவர் முத்துப்பாண்டி ஒரு விசேஷம் விடாமல் சொல்லுவார்.

பல வருடமாக எனக்கு இதில் சந்தேகம். ஏனென்றால் அந்தப் போட்டோவை எடுத்தவன் நான்.

தங்கை சாந்திக்கு வரன் பார்த்த நேரம். எண்பதுகளின் தொடக்கம். தரகர், வெள்ளிக்கிழமை திருவாதவூர் போகிறேன், நல்ல இடம், கையில் போட்டோ வேண்டும் என்றார். சாந்தி, பழங்காநத்தத்திலேயே ஸ்டுடியோ இருக்கிறது, பின்னால் ஏரியும் அன்னமும் வரைந்த திரை தொங்குகிறது, அங்கே போவோம் என்றாள்.

எனக்கு அது வீண் செலவாகப் பட்டது. சாமானையே வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் எடுக்கலாமே?

டவுனில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் போட்டோவைப் பெரிதாக்கும் மெஷினைக் காட்டினார். என் முகத்தைப் பார்த்து அதை உள்ளே வைத்துவிட்டு, பழைய பெட்டி கேமராவும், பிலிமைப் பேப்பரோடு அழுத்தி வைக்கும் மரச்சட்டமும் எடுத்துவந்தார். மருந்து ஊற்றும் தட்டு வேண்டாம், வீட்டில் எவர்சில்வர் தாம்பாளம் இருக்கிறது என்றேன். இருட்டில் பிரிண்ட் போடச் சிவப்பு பல்பு வேண்டாம், சாமி படத்துக்கு முன்னால் ஒன்று எரிகிறது என்றேன்.

“இருட்டாவது சொந்தமா வச்சிருக்கீங்களாண்ணே?” என்றார்.

வீட்டுச் சுவரில் சாய்த்து சாந்தியை எடுத்தேன். பிலிமை மட்டும் அந்தக் கடையிலேயே கழுவக் கொடுத்து, வாங்கப் போனபோது பிரிண்ட் பேப்பர் ஒரு கவர் வாங்கினேன். இருபத்தைந்து தாள்.

வியாழன் மத்தியானம் அடுப்படி ஜன்னலில் சாக்கைக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். முதல் தாளை மருந்தில் போட்டதும் கறுத்தது. வெளிச்சத்தைக் குறைத்தேன். அதுவும் கறுப்பு. பத்தாவது தாளை வெளிச்சமே காட்டாமல் போட்டேன். வெளிச்சம் பட்டால்தானே பேப்பர் கறுக்க வேண்டும்? அதுவும் கறுத்ததுதான் எனக்குப் புரியவில்லை.

கடைசித் தாளைக் கறுக்குமுன் பிடுங்கிவிட்டேன். சாம்பலாக ஏதோ வந்திருந்தது.

“நான் தெரியுறேனாண்ணே?” என்று கதவுக்கு வெளியே இருந்து சாந்தி கேட்டாள்.

“ஜடை தெரியுது” என்றேன்.

வெளியே அவள் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கடைக்குச் சண்டைக்குப் போனேன். கெட்டுப்போன பேப்பரை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

“கவரைப் பிரிச்சீங்களாண்ணே?”

“எண்ணிப் பாத்தேன்.” அப்பளக் கட்டில் இரண்டு குறைந்த நாளிலிருந்து எதையும் நான் எண்ணாமல் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

“எங்க வச்சு எண்ணுனீங்க?”

“பஸ் ஸ்டாப்புல.”

“வெயில்லயா?”

“ஆமா. ஒவ்வொண்ணா.”

“சரியா இருந்துச்சா?”

“இருபத்தஞ்சும் இருந்துச்சு” என்றேன்.

வீடு திரும்பியபோது தரகர் கிளம்பிப் போயிருந்தார். போட்டோ கொடுத்தாயா என்றேன். கவரை ஒட்டிக் கொடுத்தாச்சு என்றாள் சாந்தி, என் முகத்தைப் பார்க்காமல். என் கஞ்சத்தனத்தால் ஒரு நல்ல இடம் போயிற்று என்று நினைத்தேன். எந்தப் போட்டோ என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பூவோடு வந்தார்கள். தை மாதம் கல்யாணம். அந்த ஜடையில் ஏதோ ஒரு கலை அமைந்துவிட்டது போலும் என்று நானும் சில காலம் நம்பிப் பார்த்தேன்.

போன மாதம் ஒரு காதுகுத்தில் முத்துப்பாண்டி மறுபடியும் அதே கதையைச் சொன்னார். கைகழுவும் இடத்தில் தனியாக அகப்பட்டவரிடம் கடைசியில் கேட்டே விட்டேன்:

“மாப்ள, உண்மையச் சொல்லுங்க. அந்தப் போட்டோவுல அன்னம் இருந்துச்சா?”